கா என்றால் காப்பாற்று!

(தலைப்பு: ‘ஊரின் புனித இடங்களைப் பெரிதும் காத்து நிற்பது சட்டமா? சனமா?’ இடம்: வல்லம் வடகால். ‘சனமே!’ என்ற அணியில் மூன்றாவதாக ஆற்றிய உரை.)



பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சட்டப் புத்தகத்தை மேசை மேல் அடுக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! எனக்கு முன்னால் பேசி, பாதிக் கைதட்டலை வாங்கிக்கொண்டு, மீதியை எனக்காக விட்டுவைத்திருக்கும் என் அணித் தோழர்களே! ஷிப்டு முடிந்து, முகம் கழுவி, ஒரு முழம் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற என் தங்கைகளே! அவர்களுக்கு நாற்காலியை விட்டுக் கொடுத்துப் பின்னால் நிற்கிற இந்த ஊர்ப் பெரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய வக்கீல் அம்மா பெரிய கேள்வி ஒன்று கேட்டார்கள். “சட்டம் இல்லைன்னா எது நிக்கும்? வேலி இல்லாத பயிர் நிக்குமா?” அப்படின்னாங்க.

அம்மா, நான் பள்ளிக்கூடத்து டீச்சர். எனக்குப் பெரிய கோர்ட்டு தெரியாது. எங்க பள்ளிக்கூடத்து மதில் சுவர் தெரியும். அந்தச் சுவத்துல பெரிய எழுத்துல எழுதி வச்சிருந்தோம். ‘இங்கே அசுத்தம் செய்யாதீர். மீறினால் அபராதம் ரூபாய் 500.’ சட்டம்தானே? நம்ம ஆளு என்ன பண்ணினான் தெரியுமா? அந்த எழுத்தைப் பார்த்து, நிதானமா வாசிச்சுக்கிட்டே அசுத்தம் பண்ணினான்! (சிரிப்பு) படிக்கத் தெரிஞ்சவன் ஐயா, நான் சொல்லிக் கொடுத்த பையனாக்கூட இருப்பான்! (பலத்த சிரிப்பு)

தலைமையாசிரியர் யோசிச்சார். மூணு டைல்ஸ் வாங்கிட்டு வந்து பதிச்சார். ஒண்ணுல பிள்ளையார், ஒண்ணுல மாதா, ஒண்ணுல மசூதி. மறுநாள் காலையில சுவர் காய்ஞ்சு கிடக்கு. 500 ரூபாய்க்குப் பயப்படாதவன் 50 ரூபாய் டைல்ஸுக்குப் பயந்தான்! (கைதட்டல்)

(நடுவர்: அப்ப பயம்தான் காப்பாத்துதுன்னு சொல்றீங்களா அம்மா?)

இல்லைங்க ஐயா. அங்கேதான் நான் எதிரணியிலிருந்து மாறுபடுறேன். பயம் போலீஸ்காரர் போனதும் போயிடும். இது பயம் இல்லை, உறவு. ‘இது நம்மளோடது’ங்கிற உறவு. உறவு இருக்கிற இடத்துக்குக் காவல் தேவையில்லை. உறவு அறுந்துபோன இடத்துக்கு எத்தனை காவல் போட்டாலும் நிக்காது. இதுதான் என் கட்சி.

நடுவர் அவர்களே, நான் பிறந்தது ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையிலே ஒரு சின்ன ஊர். என் சின்ன வயசுல இந்தப் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல நரி ஊளைதான் கேட்கும். இப்ப ஷிப்டு பஸ் ஹாரன் கேட்குது. எங்க ஊர்ல மொத்தமே இருநூறு வீடு. இதே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் ஒரு விடுதி திறந்தாங்க. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற விடுதி! நான் வளர்ச்சிக்கு விரோதி இல்லை. என் தங்கைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். அதுக்கு முதல் கைதட்டல் என்னுடையதுதான். (கைதட்டல்) ஆனா, இந்த மண்ணுல ஏற்கெனவே சில பேர் குடியிருந்தாங்க. ஏரிக்கரையில ஒரு அம்மன். வேப்பமரத்தடியில ஏழு கல்லு, கன்னிமார். ஊர் எல்லையில மீசையை முறுக்கிக்கிட்டு ஒரு முனீஸ்வரன். அவங்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது. பட்டா கிடையாது. அவங்களை யார் காப்பாத்துறது? அதுதானே ஐயா இன்னைக்குத் தலைப்பு?

சரி, அரசாங்கக் கணக்குல அந்த இடத்துக்கு என்ன பேரு? வக்கீல் அம்மா சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன். புறம்போக்கு! (சிரிப்பு) ஏரி புறம்போக்கு. சுடுகாடு புறம்போக்கு. மேய்க்கால் புறம்போக்கு. கோயில் காடு இருக்கிற இடமும் பல ஊர்ல புறம்போக்கு. வரி வராத நிலம், கணக்குக்குப் புறம்பாகப் போனது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். ஊர் எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு வச்ச பேரு ஐயா அது. இன்னைக்கு அதை எதுக்குப் பயன்படுத்துறோம்? சைக்கிள்காரன் குறுக்கே வந்தா, “டேய் பொறம்போக்கு!”ங்கிறோம். பொதுச் சொத்தோட பேரே வசவு ஆகிப்போச்சு! ஒரு இடத்தை யாருக்கும் சொந்தமில்லைன்னு சட்டம் எழுதிச்சு. எல்லோருக்கும் சொந்தம்னு சனம் நினைச்சுது. இத்தனை காலம் அந்த இடம் நின்னது எந்த நினைப்பால? (கைதட்டல்)

நான் தமிழ் டீச்சர். அதனால ஒரே ஒரு எழுத்தை உங்க முன்னால வைக்கிறேன். ‘கா.’ ஓரெழுத்து ஒரு மொழி. கா என்றால் என்ன? சோலை. திருவானைக்கா, திருநெல்லிக்கா, திருக்கோலக்கா... இந்தக் கோயில் பேரெல்லாம் முதல்ல மரம், அப்புறம்தான் மதில். மலையாளத்துல இன்னைக்கும் ‘காவு’ன்னு சொல்றாங்க. சரி, கா என்றால் இன்னொரு அர்த்தம் என்ன? காப்பாற்று! முருகா, காவாய் என்கிறோமே, அந்தக் கா. சோலைக்கும் ‘கா’தான், காப்பாற்றுவதற்கும் ‘கா’தான். ஒரே எழுத்துல இடத்தையும் வச்சு, அந்த இடத்துக்கு நாம செய்ய வேண்டிய வேலையையும் வச்சுப் பேசின சனம் ஐயா நம்ம சனம்! எந்தச் சட்டசபையில தீர்மானம் போட்டு வந்தது இது? (பலத்த கைதட்டல்)

எதிரணிப் பேராசிரியர் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டத்தின்படி 2022 நவம்பரில் மதுரை மாவட்டம், மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது என்றார். 2025இல் திண்டுக்கல் மாவட்டம், காசம்பட்டி வீரகோயில் காட்டை இரண்டாவதாக அறிவித்தது என்றார். உண்மைதான். நான் மறுக்கலை. ஆனா பேராசிரியர் ஐயா, காசம்பட்டிக் காடு ஐந்து ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. 2002க்கு முன்னால அந்தக் காட்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அப்ப அதை யார் பார்த்துக்கிட்டா? வெட்டி வித்திருக்கலாமே? ஏன் விக்கலை? சாமி காடு. கை வைக்கக்கூடாது. அந்த ஒரு சொல்தான் வேலி. சனம் வளர்த்த பிள்ளைக்குச் சட்டம் வந்து பேர் வச்சது. பேர் வச்ச மாமன், “நான்தான் பெத்தேன்”னு சொன்னா எப்படிங்க? (சிரிப்பு, கைதட்டல்)

அரிட்டாபட்டிக்கு வாங்க. ஏழு குன்று. கீழே ஏரிகள், குளங்கள், சுனைகள். குன்றிலே தமிழ்பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில். அழுங்கு இருக்கு, தேவாங்கு இருக்கு, பறவை மட்டும் ஏறக்குறைய 250 வகை. வல்லூறும் ராசாளியும் கூடு கட்டுற பாறை அது. சுமார் 193 ஹெக்டேரைப் பாரம்பரியத் தலம்னு சட்டம் அறிவிச்சது 2022இல். அப்புறம் என்ன நடந்தது? அதைப் பேராசிரியர் வசதியா விட்டுட்டார்!

2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதின்னு ஏலம் முடிஞ்ச செய்தி வருது. சுமார் 5,000 ஏக்கர். அதுக்குள்ள அரிட்டாபட்டிப் பாரம்பரியத் தலமும் இருக்கு! ஒரு சட்டம் வந்து பொட்டு வச்சது. இன்னொரு சட்டம் வந்து புட்டுப் போட்டது. இரண்டும் சட்டம்தானே ஐயா? பல்லுயிர்ச் சட்டமும் சட்டம், கனிமச் சட்டமும் சட்டம். இடது கை கொடுத்ததை வலது கை எடுத்தா, நடுவுல யார் கேக்குறது?

சனம் கேட்டுச்சு! கிராம சபை கூடி வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. வயக்காட்டு வேலையைப் போட்டுட்டுப் பொம்பளைங்க மந்தையில வந்து உட்கார்ந்தாங்க. கடையடைச்சாங்க. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபையே தீர்மானம் போட வேண்டி வந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி, மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரங்க ஆயிரக்கணக்குல மதுரையை நோக்கி நடந்தாங்க. ஜனவரி 23ஆம் தேதி, ஏலம் ரத்துன்னு மத்திய அரசு அறிவிச்சது. நவம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரியில முடிஞ்சது. மூணு மாசம்கூட ஆகலை! நம்ம ஊர்ல ஒரு சாதிச் சான்றிதழ் வாங்கவே சில சமயம் அதைவிட அதிகமாகுது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

“சரி, ஒடிசாவுல நியம்கிரி? அங்கே உச்ச நீதிமன்றம்தானே காப்பாத்தினது?”ன்னு வக்கீல் அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. பதில் சொல்றேன்.

ராயகடா, களாஹண்டி மாவட்டங்களில் நியம்கிரி மலை. அங்கே டோங்ரியா கோண்டுன்னு ஒரு ஆதிவாசி மக்கள். மலைதான் அவங்களுக்குச் சாமி. பேரு நியமராஜா. நியமம்னா சட்டம். அவங்க சாமி பேரே சட்டம்! அந்த மலை உச்சியில பாக்சைட் இருக்கு, வெட்டி எடுக்கலாம்னு திட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2013 ஏப்ரல் 18ஆம் தேதி தீர்ப்பு. என்ன சொல்லிச்சு? “அந்த மலை அவங்களுக்குப் புனிதமா இல்லையான்னு டெல்லியில உட்கார்ந்து நாங்க சொல்ல முடியாது. கிராம சபையைக் கூட்டிக் கேளுங்க”ன்னு சொல்லிச்சு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 மலைக்கிராமங்களில் சபை கூடிச்சு. மாவட்ட நீதிபதி ஒருத்தர் பார்வையாளரா வந்து உட்கார்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிங்க எழுந்து நின்னு, எங்க சாமி மலையைத் தர மாட்டோம்னு சொன்னாங்க. 12க்கு 12! ஒரு ஊர்கூட விட்டுக் கொடுக்கலை. 2014 ஜனவரியில சுற்றுச்சூழல் அமைச்சகமே அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி இல்லைன்னு சொல்லிடுச்சு.

அம்மா, உச்ச நீதிமன்றமே சனத்தைத்தான் கேட்டது. நீங்க மட்டும் ஏன் கேட்கமாட்டேங்கிறீங்க? (பலத்த கைதட்டல்)

ரொம்ப தூரம் போவானேன்? பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்துல வேடந்தாங்கல். வெள்ளைக்கார சிப்பாய்ங்க வந்து ஏரியில பறவையைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்டே போய் முறையிட்டாங்க. 1790களின் கடைசியில, லயனல் பிளேஸ் என்கிற கலெக்டர், இங்கே சுடக்கூடாதுன்னு உத்தரவு எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972. கணக்குப் போட்டுக்கோங்க. சட்டம் நல்லதுதான். ஆனா அது கும்பகர்ணன் மாதிரி. யாராவது போய் முரசு கொட்டி எழுப்பணும்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இப்போது எதிரணி எழுப்பின ஒரு கேள்வி என் நெஞ்சுல குத்திச்சு. அதுக்கு நான் சிரிச்சுக்கிட்டுப் பதில் சொல்ல முடியாது. “மரத்தை வெட்டுறதே ஊர்க்காரன்தானே? ஏரியில வீடு கட்டுறவன் சனம் இல்லையா?” என்று பேராசிரியர் கேட்டார். ஐயா, அது உண்மை. எங்க வீட்டுக் கதையையே சொல்றேன்.

எங்க ஊர்ல பச்சையம்மன் கோயில் காடு ஒண்ணு இருந்தது. கோயில்னா கட்டடம் இல்லை. மரத்தடியில அம்மன். சுத்தி வாழ்முனி, செம்முனின்னு சுதைச் சிலைங்க, வானத்தை முட்டுற மாதிரி உட்கார்ந்திருக்கும். காயா மரம், வீரை மரம், வெப்பாலை, நுணா. நடுப்பகல்லயும் உள்ளே இருட்டா, ஈரமா இருக்கும். எங்க பாட்டி எல்லையிலேயே செருப்பைக் கழட்டிடுவாங்க. அடுப்புக்குச் சுள்ளி இல்லாத நாள்லகூட அங்கே கீழே கிடக்கிற காய்ஞ்ச குச்சியை எடுக்கமாட்டாங்க. “அவ பொருளுடி அது, அவ கேப்பா”ன்னு சொல்லுவாங்க.

அப்புறம் இந்தப் பக்கம் தொழிற்சாலை வந்தது. நிலத்துக்கு விலை வந்தது. ஊர் கையில முதல் முதலா நாலு காசு வந்தது. நன்றி மறக்காத சனம் இல்லையா? அம்மனுக்கு ஏதாவது செய்யணும்னு கூடிப் பேசினாங்க. திருப்பணிக் கமிட்டி! மண்டபம், டைல்ஸ், ஆர்ச், டியூப் லைட், வண்டி நிறுத்த இடம். எல்லாத்துக்கும் இடம் வேணுமே? மரங்களை வெட்டினோம்.

வெட்டினது எந்தக் கம்பெனியும் இல்லை. எந்த அதிகாரியும் இல்லை. நாங்கதான். கோயில் வாசல்ல இப்பவும் நன்கொடையாளர் கல்வெட்டு இருக்கு. நாலாவது பேரு எங்க அப்பா. ரூபாய் 5,001. நான் அந்தக் கல்லைப் பார்க்காம உள்ளே போகக் கத்துக்கிட்டேன்.

கும்பாபிஷேகம் அன்னைக்குப் பாட்டியைக் கூட்டிட்டுப் போனோம். காங்கிரீட் கூரைக்குக் கீழே அம்மன். பாட்டி அண்ணாந்து கூரையைப் பார்த்தாங்க. சுத்திப் பார்த்தாங்க. “ஏண்டி, அவளுக்குப் புழுங்குமேடி”ன்னாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசலை.

அந்தக் காட்டுல ஒரே ஒரு ஆலமரம் மட்டும் இன்னைக்கும் நிக்குது. எப்படி நிக்குது தெரியுமா? அதன் அடியில ஒரு முனி. அந்த முனிக்கு ஒரு கிழவி தினம் சாயங்காலம் விளக்கு வைப்பாங்க. கமிட்டியில அந்தம்மா பேர் கிடையாது. நன்கொடை கொடுக்கக் காசு கிடையாது. ஜேசிபி வந்த அன்னைக்கு அந்தம்மா மரத்தடியில போய் உட்கார்ந்தாங்க. கத்தலை, சாபம் விடலை. “விளக்கு வச்சுட்டு எழுந்துக்கிறேன்”ன்னாங்க. காலையில பத்து மணிக்கு! விளக்கு வைக்கிற நேரம் சாயங்காலம் ஆறு. (மெல்லிய சிரிப்பு) டிரைவர் ஒரு மணி நேரம் பார்த்தான், ரெண்டு மணி நேரம் பார்த்தான். இன்ஜினை அணைச்சுட்டு, அவனும் நிழல்ல வந்து உட்கார்ந்துட்டான். அதுக்கப்புறம் அந்த மரத்து மேல கை வைக்க ஊருக்கு மனசு வரலை. (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. சனம்னா தலைக்கட்டு எண்ணிக்கை இல்லை. இருநூறு வீட்டுக்காரங்க நாங்க காட்டை அழிச்சோம். தினம் போய்க்கிட்டிருந்த ஒருத்தி ஒரு மரத்தைக் காப்பாத்தினா. நாங்க எப்போ போனோம்? ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப. வருஷத்துக்கு ஒரு நாள் போறவனுக்கு அது கோயில் இடம். தினம் போறவளுக்கு அது வீடு. இடத்தை விப்பான், வீட்டை விடமாட்டா. எதிரணி சொன்ன ‘அழிக்கிற சனம்’ யாருன்னா, போகறதை நிறுத்திட்ட சனம். நான் பேசறது போய்க்கிட்டே இருக்கிற சனத்துக்காக.

அப்படி ஒரு சனம் நம்ம பக்கத்துலயே இருக்கு. நம்மளைவிட இந்த மண்ணுக்கு மூத்த சனம். இருளர்கள்.

என் வகுப்புல ஒரு இருளர் வீட்டுப் பெண் குழந்தை. ஆறாம் வகுப்பு. மாசி மாசத்துல மூணு நாள் பள்ளிக்கூடம் வரலை. நாலாம் நாள் வந்தா. நான் கோபமா, “எங்கேடி போனே?”ன்னு கேட்டேன்.

“மாமல்லபுரம் டீச்சர். எங்க கோயிலுக்கு.”

எனக்குச் சந்தேகம். “எந்தக் கோயிலு? கடற்கரைக் கோயிலா?”

“அது இல்ல டீச்சர். எங்க கன்னியம்மா கோயிலு. கடல் ஓரமா மணல்ல இருக்கு.”

“அங்கே மணல்தானே இருக்கு? கோயில் எங்கே இருக்கு?”

அந்தக் குழந்தை என்னை ஒரு மாதிரி பார்த்தா. பாடம் புரியாத பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேனோ, அந்த மாதிரி! (சிரிப்பு) “மணல்லதான் டீச்சர் கட்டுவோம். படி வச்சு, பூ வச்சுக் கட்டுவோம். அப்புறம் அலை வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும்.”

“அப்ப அடுத்த வருஷம்?”

“அடுத்த வருஷம் திரும்பக் கட்டுவோம்.”

நடுவர் அவர்களே, அடுத்த மாசி மகத்துக்கு நான் போய்ப் பார்த்தேன். பௌர்ணமி. பல ஊர்லயிருந்தும் வந்த இருளர் குடும்பங்க கடற்கரையில கூடியிருக்காங்க. சேலையைக் கட்டி, தழையை நட்டுச் சின்னச் சின்னக் குடில். விடியற்காலை கடல்ல முழுகி எழுந்து, மணல்ல கோயில் கட்டி, கன்னியம்மாவைக் கும்பிடுறாங்க. அங்கேயே நிச்சயதார்த்தம், அங்கேயே கல்யாணம், அங்கேயே காது குத்து. மத்தியானம் போய்ப் பார்த்தா வெறும் கால்தடம்!

அந்தக் கோயிலுக்கு மதில் இல்லை. கதவு இல்லை. அறங்காவலர் இல்லை. உண்டியல் இல்லை. சர்வே நம்பர் இல்லை. அரை மைல் தள்ளி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கற்கோயில். அதுக்குத் தொல்லியல் துறை இருக்கு, யுனெஸ்கோ இருக்கு, வேலி இருக்கு, டிக்கெட் இருக்கு. அதைச் சட்டம் காப்பாத்துது, நல்லா காப்பாத்தட்டும். ஆனா இந்த மணல் கோயிலை யார் காப்பாத்துறா? வருஷா வருஷம் அலை இடிக்கிற கோயிலை எந்தச் சட்டம் கட்டிக் கொடுக்கும்? அவங்க வர்றாங்க, அதனால அது இருக்கு. அவங்க ஒரு தலைமுறை வராம நின்னா, அது இல்லை! உலகத்துல இதைவிட உறுதியான கோயிலை நான் பார்த்ததில்லை. (நீண்ட கைதட்டல்)

ஐயா, மணி அடிக்கக் கை போகுது உங்களுக்கு. ரெண்டே நிமிஷம்.

முன்வரிசையில இருக்கிற என் தங்கைகளே! தர்மபுரியிலிருந்து வந்திருப்பீங்க, திருநெல்வேலியிலிருந்து வந்திருப்பீங்க, ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருப்பீங்க. உங்க ஊர்லயும் ஒரு மரம் இருக்கும், ஒரு மலை இருக்கும், ஒரு கல் இருக்கும். இங்கே நீங்க வாடகைக்குத்தான் தங்கியிருக்கீங்க. ஆனா சாமிக்கு உள்ளூர், வெளியூர் கிடையாது. லீவு நாள்ல சினிமாவுக்குப் போங்க, ஷாப்பிங் போங்க, வேண்டாம்னு சொல்லலை. ஒரு தடவை இந்த ஏரிக்கரைப் பக்கமும் போங்க. அந்த மரத்தடிப் பேரு என்ன, சாமி பேரு என்னன்னு இங்கே நிக்கிற பெரியவங்ககிட்டே கேளுங்க. பெரியவங்களே, நீங்களும் வெளியூர்ப் பிள்ளைங்கதானேன்னு நினைக்காம சொல்லுங்க. பேர் தெரிஞ்ச இடத்து மேல குப்பை போட மனசு வராது. நாளைக்கு இந்த ஊர்ல அதிகமா இருக்கப் போறது அவங்கதான். அவங்களுக்குச் சொல்லலைன்னா, உங்களோட அந்தக் கதை முடிஞ்சு போயிடும்.

இன்னொண்ணு. வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், ஊரோட மரம், செடி, குளம், கோயில் காட்டையெல்லாம் பதிவேட்டுல எழுதணும்னு எதிரணி சொன்ன அதே 2002ஆம் ஆண்டுச் சட்டம்தான் சொல்லுது. அடுத்த சபையில போய் உட்காருங்க. “எங்க ஊர்ப் பதிவேடு எங்கே ஐயா?”ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கும்பகர்ணன் எழுந்துக்குவான்! (சிரிப்பு, கைதட்டல்) இருளர் வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குக் கடைசி வரிசையில இல்லை, முதல் வரிசையில இடம் போடுங்க. இந்த மண்ணோட இலை தழை, பாம்பு பல்லி எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சவங்க அவங்கதான்.

நடுவர் அவர்களே, நான் சட்டம் வேண்டாம்னு சொல்லலை. சட்டம் பூட்டு. நல்ல பூட்டு. ஆனா ஆள் இல்லாத வீட்டுக் கதவுல பூட்டு மட்டும் தொங்கினா, அது திருடனுக்குத்தான் சௌகரியம். வீட்டுக்குள்ள விளக்கு எரியணும். அந்த விளக்கை ஏத்துறது சட்டம் இல்லை, சனம்! (கைதட்டல்)

நாளைக்குக் காலையில உங்க வீட்டு மாடியில, உங்க விடுதி ஜன்னல்ல காக்கா வந்து ‘கா... கா...’ன்னு கத்தும். சோறு கேட்குதுன்னு நினைப்பீங்க. சோறும் வைங்க. ஆனா அது வேற ஒண்ணும் கேட்குது. சோலை எங்கேன்னு கேட்குது. காப்பாத்துன்னு கேட்குது. அதைக் கேட்கிற காது சனத்துக்குத்தான் இருக்கு. ஆகவே, ஊரின் புனித இடங்களைப் பெரிதும் காத்து நிற்பது சனமே, சனமே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு வேண்டுகிறேன்.

(பலத்த கைதட்டல்)